வேறு யாராவது திறந்தார்களா?

ஓரின் ஸ்ட்ராட்லிங் கூரையில் ஏறும்போது மணி ஒன்றேகால். வெயில் நூற்றுப் பதினான்கு டிகிரி ஃபாரன்ஹீட். ஏணியை வெறுங்கையால் தொட முடியாது. தோல் கையுறை போட்டிருந்தார். வயது ஐம்பத்தொன்பது. பாலைவன நகரமான மீசாவில் முப்பத்தொரு கோடைகளை மற்றவர்களின் கூரைமேல் ஏசி பழுது பார்த்துக் கழித்தவர். இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறார். இரண்டு முறையும் கூரையின் உட்பக்கமாக. "உள்பக்கமா விழத் தெரிஞ்சவன்தான் இந்தத் தொழில்ல நிக்க முடியும்" என்பார்.

அவருடைய அப்பா மாட்டுப் பண்ணைகளில் பால் குளிரூட்டும் தொட்டிகளைப் பழுது பார்த்தவர். பண்ணைகள் போய் அந்த இடத்தில் வீடுகள் வந்தன. ஓரின் வீடுகளுக்கு வந்துவிட்டார். ஒரு வேன், ஒரு ஏணி. வீட்டுச் சமையல் மேசையில் இருந்து போன் எடுக்க மனைவி நெட்ரா. காபி குடிக்காத கிறிஸ்தவச் சபை எங்களுடையது. அதற்குப் பதிலாக ஓரின் ஒரு லிட்டர் கோப்பையில் நொறுக்கிய ஐஸும் எலுமிச்சை சோடாவும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓட்டுவார். கெட்ட வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. மிகக் கோபம் வந்தால் "கண்றாவி" என்பார்.

பதினோரு வருடங்களாக ஒரு வீட்டு உத்தரவாதக் கம்பெனியின் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பாதி வேலை அங்கிருந்துதான் வந்தது.

வீடு கைமாறும்போது விற்பவர் வாங்குபவருக்கு ஒரு வருட உத்தரவாதம் எடுத்துக் கொடுப்பது எங்கள் பக்கம் வழக்கம். தீக்கும் புயலுக்கும் காப்பீடு தனி. இது ஓடி ஓடித் தேய்ந்து நிற்கும் சாமான்களுக்கு: ஏசி, வெந்நீர்க் கொதிகலன், அடுப்பு, குழாய். ஏதாவது நின்றால் கம்பெனிக்குப் போன் செய்ய வேண்டும். கம்பெனி தன் பட்டியலில் இருந்து ஒருவரை அனுப்பும். வருகைக் கட்டணம் வீட்டுக்காரருடையது. மற்றதெல்லாம் கம்பெனியுடையது, கம்பெனி ஒத்துக்கொண்டால்.

வந்தவர் உடனே சரிசெய்துவிடக் கூடாது. திறக்கலாம், அளக்கலாம், படம் எடுக்கலாம். பிறகு அங்கிருந்தே அனுமதி மேசைக்குப் போன் செய்ய வேண்டும். மேசையில் இருப்பவர் வரிசையாகக் கேள்வி கேட்பார். ஐந்தாவது கேள்வி, வேறு யாராவது திறந்தார்களா என்பது. ஆம் என்றால் பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடும். எந்த மெக்கானிக் எவ்வளவு செலவு இழுத்துவிடுகிறார் என்றும் கம்பெனி பார்த்துக்கொண்டே இருந்தது. அளவுக்கு மீறினால் அழைப்புகள் குறையும். யாரும் காரணம் சொல்ல மாட்டார்கள்.

அன்று திங்கட்கிழமை. வீடு சேய்னி ஃபோனுவாவுடையது. சேய்னி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். டோங்கா தீவிலிருந்து சிறுவயதில் வந்தவள். கணவன் விலியாமி கான்கிரீட் ஊற்றும் வேலை பார்த்தவன். சர்க்கரை நோயில் சிறுநீரகம் போய், ஜனவரியில் இடது காலும் முழங்காலுக்குக் கீழே போயிற்று. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். படி இல்லாத வாசலும் சக்கர நாற்காலி நுழையும் குளியலறையும் இருந்ததால் மார்ச்சில் இந்த வீட்டைக் கடைசிச் சேமிப்பையும் போட்டு வாங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஏசி நின்றது. கம்பெனி திங்கட்கிழமைக்குத்தான் ஆள் தந்தது. சபைக்காரர்கள் தங்கள் வீடுகளுக்குக் கூப்பிட்டார்கள். எந்த வீட்டுக் குளியலறையிலும் நாற்காலி நுழையவில்லை. யாரோ தண்ணீர் ஊற்றும் கூலர் ஒன்றைக் கொடுத்தார்கள். ஜூலைப் புழுக்கத்தில் அது அறையை ஈரமாக்கியது, குளிர்விக்கவில்லை.

விலியாமிக்கு மற்றவர்களைப் போலத் தண்ணீர் குடித்துச் சமாளிக்க முடியாது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். அதற்கு மேல் போனால் நுரையீரலில் தேங்கும். அடுத்த டயாலிசிஸ் மறுநாள் காலை ஆறு மணிக்கு. அன்று மதியத்துக்குள் முக்கால் லிட்டர் முடிந்துவிட்டது. சேய்னி ஐஸ் துண்டுகளை எண்ணி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அறையில் தொண்ணூற்றேழு டிகிரி.

"கூரை மேல யாரு?" என்று விலியாமி கேட்டான்.

"நம்ம சபை பிரதர் ஸ்ட்ராட்லிங். கம்பெனி அனுப்பினது."

"அவர்கிட்ட சொல்லு, எங்க ஊர்க் குழியடுப்புப் பன்னி கிட்டத்தட்ட வெந்துருச்சு. வாழையிலை சுத்தி மண்ணைப் போட்டு மூட வேண்டியதுதான் பாக்கி."

"வாயை மூடிட்டு படு. பேசினா தாகம் எடுக்கும்."

மேலே ஓரின் ஏசி பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். நான்கு திருகுகளில் ஒன்று வேறு மாதிரி இருந்தது. உள்ளே மீட்டரை வைத்தார். கம்ப்ரசரின் சுருள் எரிந்து உடலோடு ஒட்டிவிட்டது. சந்தேகத்துக்கு இடமில்லை. பதினான்கு வருடம் ஓடிய இயந்திரம். தேய்மானம். கம்பெனி தர வேண்டிய பழுது.

பிறகு, மோட்டாரைக் கிளப்பிவிடும் கபாசிட்டரைப் பார்த்தார். புதிது. பெட்டி முழுவதும் ஒரு விரல் தடிமனுக்குத் தூசி. கபாசிட்டர் மட்டும் பளபளத்தது. ஒயர்களைப் பச்சை நிற டேப்பால் மூன்று சுற்று சுற்றி, முனையை மடித்து விட்டிருந்தது. அடுத்த முறை பிரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று முனையை மடித்து விடுகிற ஆள் எங்கள் சபையில் ஒருவர்தான் உண்டு.

"கண்றாவி" என்றார் ஓரின்.

இறங்கி வந்து சமையலறையில் நின்றார். தொப்பியைக் கழற்றவில்லை.

"சிஸ்டர், நான் வர்றதுக்கு முன்னாடி யாராவது பெட்டியைத் திறந்தாங்களா?"

சேய்னி மேசையைப் பார்த்தாள். அங்கே உத்தரவாதப் புத்தகம் விரித்துக் கிடந்தது. அவள் அதைப் படித்திருக்கிறாள் என்று தெரிந்தது. சில வரிகளுக்குக் கீழே பென்சில் கோடு.

"இல்லையே" என்றாள்.

"நான் மேல பார்த்துட்டேன்."

"அப்போ ஏன் கேக்கறீங்க?"

"நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரிஞ்சுக்க. அவங்களும் உங்ககிட்ட கேப்பாங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் கூப்பிடல பிரதர். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரே வந்தார். ஏணியோட. 'அஞ்சு நிமிஷ வேலை சிஸ்டர், கபாசிட்டர்தான், எப்பவும் அதுதான்'னார். நான் வேண்டாம்னா சொல்லுவேன்? இவரு இப்படிக் கிடக்கறாரு."

"லமார் கீலர்."

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டார். போன வருஷம் சிஸ்டர் ப்ளெயரோட கொதிகலன்ல கை வெச்சு, அவங்களுக்குக் கம்பெனி ஒண்ணும் தரலையாமே. இனிமே யார் வீட்டுச் சாமானையும் தொட மாட்டேன்னு பிஷப்கிட்ட வாக்குக் குடுத்திருக்காராம்."

எங்கள் சபையில் ஒரு வீட்டில் ஏதாவது நின்றால், கம்பெனிக்குப் போன் போவதற்கு முன்பே சபைக்குள் செய்தி போய்விடும். இருட்டுவதற்குள் யாராவது ஒருவர் கருவிப்பெட்டியோடு வாசலில் நிற்பார். வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை. உத்தரவாதம் வைத்திருப்பவர்களுக்கு அந்த அன்பு எத்தனை முறை வினையாகியிருக்கிறது என்று ஓரினுக்குத் தெரியும்.

சேய்னி எழுந்து இழுப்பறையைத் திறந்தாள். ஒரு தாள் துண்டில் சுற்றியிருந்ததை எடுத்து மேசைமேல் வைத்தாள். பழைய கபாசிட்டர்.

"இதை மாட்டிட்டுப் படம் எடுங்க" என்றாள். "ரெண்டு நிமிஷம். யாருக்குத் தெரியும்?"

ஓரின் அதைக் கையில் எடுத்தார். அவருக்கும் அது தோன்றாமல் இல்லை. மேலே நிற்கும்போதே தோன்றியது. ரெண்டு நிமிஷம்கூட ஆகாது.

உள்ளே விலியாமி இருமினான். ஈரமான இருமல்.

"தெரிஞ்சா என் லைசன்ஸ் போகும்" என்றார் ஓரின். "உங்க உத்தரவாதமும் போகும், மொத்தமா. அதை விடுங்க. இப்போ நம்ம பக்கம் நியாயம் இருக்கு. இதை மாட்டினா அதுவும் இருக்காது."

"நியாயத்தை வெச்சு அவருக்கு விசிறி வீசவா?"

ஓரின் கபாசிட்டரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

மேசையில் இருந்த பெண்ணின் பெயர் கெய்லா. இளம் குரல். முதல் நான்கு கேள்விகள் சீக்கிரம் முடிந்தன.

"வேறு யாராவது திறந்தாங்களா சார்?"

"ஆமா."

தட்டச்சுச் சத்தம் நின்றது. "அனுமதி இல்லாத ஆளா?"

"பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தர். கபாசிட்டர் மாத்தியிருக்கார். சரியான அளவு. சரியா மாத்தியிருக்கார். கம்ப்ரசர் போனதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."

"சார், திறந்திருக்காங்கன்னா நான் மறுப்புத்தான் போடணும்."

சேய்னி புத்தகத்தைக் கையில் எடுத்தாள்.

"உங்க புத்தகத்துல அப்படி இல்லையே" என்றார் ஓரின். சேய்னியைப் பார்த்துக் கையை நீட்டினார். அவள் புத்தகத்தைக் கொடுக்காமல் தானே படித்தாள். பென்சில் கோடு போட்ட வரி.

"'தவறான பழுதுபார்ப்பால் ஏற்பட்ட சேதத்துக்கு இந்த ஒப்பந்தம் பொறுப்பேற்காது.' ஏற்பட்ட சேதம். தொட்டாலே போச்சுன்னு எழுதல."

"மேடம், அந்தப் பழுதுபார்ப்பால கம்ப்ரசர் போகலைன்னு எப்படித் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை காலைல இவங்க போன் பண்ணப்போ நீங்க எழுதி வெச்சிருப்பீங்களே" என்றார் ஓரின். "அதைப் படிங்க."

தட்டச்சு. "எட்டு ஐம்பத்திரண்டு. 'ஏசி ஓடவில்லை. போட்டவுடன் மின்சார பிரேக்கர் விழுகிறது.'"

"போட்ட உடனே பிரேக்கர் விழுந்தா சுருள் ஒட்டிப்போச்சுன்னு அர்த்தம். காலைலயே அது போயாச்சு. கபாசிட்டர் மாத்தினது மத்தியானம்."

"மத்தியானம்னு யார் சொல்றாங்க?"

ஓரின் சேய்னியைப் பார்த்தார்.

"வீட்டுக்காரங்க சொல்றது போதாது சார். மாத்தினவர் சொல்லணும். ஏதாவது ரசீது இருந்தா நல்லது. நான் சூப்பர்வைசருக்கு அனுப்பறேன். இன்னும் ஒரு மணி நேரத்துல கூப்பிடுவாங்க. அதுக்குள்ள கிடைக்கலேன்னா மறுப்புப் போயிடும்."

மணி இரண்டு பத்து.

சேய்னி லமாருக்குப் போன் செய்தாள். அவர் எடுத்தார். நான் வெள்ளிக்கிழமை ஊரிலேயே இல்லை என்றார். ஓரின் போனை வாங்கினார்.

"லமார், நான் ஓரின்."

"ஏம்பா ஓரின். வெயில் எப்படி?"

"பச்சை டேப்பு பார்த்தேன்."

மறுபுறம் டிவி சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"பச்சை டேப்பு ஊர்ல ஆயிரம் பேர்கிட்ட இருக்கும்."

"முனையை மடிச்சு விட்டிருக்கு."

"யாராவது மடிச்சிருப்பாங்க."

"லமார், நான் உங்களைத் திட்டக் கூப்பிடல. ரசீது வேணும். என்னைக்கு, எத்தனை மணிக்கு வாங்கினீங்கன்னு அதுல இருக்கும். நீங்க போன்ல ஒரு வார்த்தை சொல்லணும், நான்தான் மாத்தினேன்னு."

"சொன்னா பதிவு பண்ணுவாங்கல்ல?"

"பண்ணுவாங்க."

"எனக்கு எழுபத்திரண்டு வயசு ஓரின். நாப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ்ஸெல்லாம் என் கையாலதான் ஓடிச்சு. இப்போ நான் ஒரு ஸ்குரூவைத் தொட்டா ஊரே சிரிக்குது. ப்ளெயர் வீட்டம்மா என்னைப் பார்த்தா அடுத்த பெஞ்சுக்கு மாறி உக்கார்றா. இதுவும் தெரிஞ்சா..."

"விலியாமியோட அறையில தொண்ணூத்தேழு டிகிரி. அவனுக்கு இன்னும் கால் லிட்டர்தான் பாக்கி, நாளைக்குக் காலை வரைக்கும்."

லமார் போனை வைத்தார்.

சேய்னி மறுபடி கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். "நான் ஆம்புலன்ஸ் கூப்பிடறேன். ஆஸ்பத்திரியிலயாவது குளிர்ச்சியா இருக்கும்."

"போன மாசம்தானே அங்கேருந்து வந்தேன்" என்றான் விலியாமி உள்ளேயிருந்து. "அங்க போனா உடனே அனுப்ப மாட்டாங்க. இன்னொரு காலையும் எடுத்துட்டுத்தான் விடுவாங்க."

அவன் சிரிப்பது போலத்தான் சொன்னான். ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. ஓரின் உள்ளே போய்ப் பார்த்தார். பெரிய உடம்பு. ஈரத் துண்டு மார்பில். உதடு வெடித்திருந்தது. தன் கையில் இருந்த கோப்பையில் ஐஸ் குலுங்கும் சத்தம் ஓரினுக்கே கேட்டது. அவர் திரும்பி நடந்து அதை வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

"பிரதர், அது எலுமிச்சையா?" என்றான் விலியாமி.

"ஆமா."

"வாசனை மட்டும் போதும். அதுக்கு அளவு இல்லை."

இரண்டு ஐம்பது. இரண்டு ஐம்பத்தைந்து. சூப்பர்வைசர் சொன்ன நேரத்துக்கு முன்பே கூப்பிட்டுவிட்டார். நிதானமான ஆண் குரல். ரசீது கிடைத்ததா என்று கேட்டார். ஓரின் கபாசிட்டர் நல்ல அளவு என்பதை மறுபடி சொன்னார். பிரேக்கர் குறிப்பை மறுபடி சொன்னார். அறையின் வெப்பத்தைச் சொன்னார். நோயைச் சொன்னார்.

"மிஸ்டர் ஸ்ட்ராட்லிங், வருத்தமாத்தான் இருக்கு. ஆனா எனக்குத் தேவையானது நேரம். பழுது முதல்லயா, திறந்தது முதல்லயா. அதை நீங்க நேர்ல பார்க்கல."

"பார்க்கல."

"அப்போ நான் ஃபைலை மூடணும்."

"ரெண்டு நிமிஷம் குடுங்க" என்றார் ஓரின். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

வாசலில் ஒரு பழைய பிக்அப் வந்து நின்றது. லமார் கீலர் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார், டையும் கட்டியிருந்தார். கையில் ஒரு ஷூ டப்பா. யாருடைய முகத்தையும் பார்க்காமல் மேசைக்கு வந்து டப்பாவைத் திறந்தார். முழுக்க ரசீதுகள், ரப்பர் பேண்டு போட்டு, மாதவாரியாக.

"ஜூலை" என்று முணுமுணுத்துக்கொண்டு தேடினார். சேய்னி கையை நீட்டியபோது "நானே எடுக்கறேன்" என்றார். எடுத்தார்.

"லைன்ல இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றார் ஓரின்.

லமார் போனுக்கு மிக அருகில் குனிந்தார். "என் பேரு லமார் கீலர். கபாசிட்டரை மாத்தினது நான்தான். யாரும் கூப்பிடல. நானே போனேன். வெள்ளிக்கிழமை வாங்கினது, மத்தியானம் ரெண்டு பதினேழுன்னு ரசீதுல இருக்கு. நான் மேல ஏறினப்போ பிரேக்கர் ஏற்கெனவே விழுந்து கிடந்தது."

"உங்களுக்கு லைசன்ஸ் இருக்கா சார்?"

"இல்லை."

"அவங்க உங்களுக்குப் பணம் ஏதாவது குடுத்தாங்களா?"

"வாழைப்பழ ரொட்டி. ஒரு முழு ரொட்டி."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. "ரசீதைப் படம் எடுத்து அனுப்புங்க. லைன்லயே இருங்க."

லைனில் இசை வந்தது. பியானோ. மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். யாரும் உட்காரவில்லை. லமாரின் சட்டை முதுகோடு ஒட்டியது. அவர் டையைத் தளர்த்தவில்லை.

"பிஷப்கிட்ட நானே சொல்லிடறேன்" என்றார் சேய்னியிடம். "நீங்க சொல்ல வேண்டாம்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் பிரதர்."

"இல்லை. சொல்லணும்."

பியானோ முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அறைக்குள்ளிருந்து சத்தமே வரவில்லை. சேய்னி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "தூங்கறார்" என்றாள். பிறகு, "தூங்கறார்னு நினைக்கறேன்" என்றாள். மறுபடி உள்ளே போனாள். "விலி, பேசு" என்று அவள் சொல்வது கேட்டது. "நீதானே பேசாதேன்னே" என்று அவன் முனகுவதும் கேட்டது.

மூன்று இருபத்தெட்டுக்கு இசை நின்றது.

"கம்ப்ரசர் அனுமதிச்சாச்சு" என்றது குரல். "கேஸ் நிரப்பற செலவு ஒப்பந்தத்துல வராது. அது வீட்டுக்காரங்களோடது. மிஸ்டர் ஸ்ட்ராட்லிங், இந்த மாசம் உங்க செலவுச் சராசரி ரொம்ப மேல போயிருக்கு. தெரியுமா?"

"தெரியும்."

"குறிப்பு எழுதி வெக்கிறேன்."

"எழுதுங்க" என்றார் ஓரின். போனை அணைக்கும்போதே சாவியைத் தேடத் தொடங்கினார். சாமான் கடை ஐந்துக்கு மூடும். போக இருபத்தைந்து நிமிடம்.

அந்தக் குறிப்பின் பலன் பிறகு தெரிந்தது. ஆகஸ்டில் அந்தக் கம்பெனியிலிருந்து இரண்டு அழைப்புகள் வந்தன. செப்டம்பரில் ஒன்றும் வரவில்லை. நெட்ரா போனை எடுத்து வேலை செய்கிறதா என்று பார்த்தாள். பிறகு தன் பழைய பல் மருத்துவமனை வேலைக்கு வாரம் மூன்று நாள் போகத் தொடங்கினாள். பட்டியலில் இருந்து எடுத்துவிட்டோம் என்று அவர்கள் இன்றுவரை சொல்லவில்லை.

நான்கரைக்கு ஓரின் கம்ப்ரசரோடு திரும்பி வந்தார். அறையில் தொண்ணூற்றெட்டு. அறுபது பவுண்டு இரும்பை ஒரு ஆள் கூரைக்குத் தூக்க முடியாது. லமார் கீழே கயிற்றோடு நின்றார். டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார்.

"நீங்க ஏற வேண்டாம்" என்றார் ஓரின். "நான்தான் தொட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். வேற யாரும் தொடக் கூடாது."

"நான் கயிறுதானே பிடிக்கறேன். கயிறு ஒப்பந்தத்துல இருக்கா?"

"இல்லை."

"அப்போ இழு."

இழுத்தார்கள். லமார் கீழிருந்து, ஓரின் மேலிருந்து. பழைய கேஸை உறிஞ்சி எடுத்து, குழாயை அறுத்து, பற்றவைத்து, காற்றை வெளியேற்ற மூன்று மணி நேரம் ஆயிற்று. ஓரின் இருமுறை தலை சுற்றி உட்கார்ந்தார். லமார் ஏணியில் பாதிவரை ஏறி, ஈரத் துணியை மேலே எறிந்தார். பெட்டியைத் தொடவில்லை. என்ன செய்கிறார் என்று கேட்கவும் இல்லை. ஒரே ஒருமுறை மட்டும், "அந்த வால்வு கொஞ்சம் இறுக்கலாமே" என்றார். ஓரின் அதை இறுக்கினார்.

ஏழு நாற்பதுக்குப் பிரேக்கரை மேலே தள்ளினார். எல்லோரும் காத்திருந்தார்கள். அது விழவில்லை. கூரைமேல் ஒரு உறுமல், பிறகு ஒரே சீராக ஓசை.

சேய்னி அறையில் காற்று வரும் கம்பித் தட்டுக்குக் கீழே நின்று கையை உயர்த்தினாள். முதலில் சூடான தூசி வந்தது. பிறகு மிதமாக. அவள் கையைத் தாழ்த்தவில்லை. ஓரின் அறை வாசலில் வெப்பமானியோடு நின்றார். தொண்ணூற்றேழு. வெகுநேரம் தொண்ணூற்றேழு. தொண்ணூற்றாறு.

லமார் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார்.

விலியாமி கண்ணைத் திறக்காமலேயே சொன்னான். "யாருய்யா அது. உள்ள வா, இல்லை வெளிய போ. கதவைச் சாத்து முதல்ல."

லமார் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.